குளியல் தொட்டியருகே நிற்க ஓர் ஆள்

நாய், பூனைகளைக் குளிப்பாட்டி முடி திருத்தும் குரூமிங் நிலையம் நடத்துகிறவர்கள் கூடிப் பேசினால், பேச்சு பெரும்பாலும் கத்தரிக்கோல் பிடிப்பவரைச் சுற்றியே போகும். நல்ல குரூமர் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை என்பது எல்லோருக்கும் பொதுவான குறை. நாயைக் குளிப்பாட்டி, உலர்த்தி, வாரிவிட்டு மேசைக்கு அனுப்புகிறவரைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. அந்த வேலைக்கு யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், வந்தபின் பழகிக்கொள்வார் என்ற எண்ணம் இத்தொழிலில் ஊறிப்போயிருக்கிறது. பல ஆண்டுகளாக இந்த வேலைக்கு ஆள் தேர்ந்தெடுத்து வரும் எனக்கு இது தலைகீழான கணக்காகவே படுகிறது. கோணலாக வெட்டிய முடி சில வாரங்களில் வளர்ந்து மறைந்துவிடும். ஒரு பிராணிக்கு எங்கள் கையால் மீட்க முடியாத தீங்கு நேருமானால், அது பெரும்பாலும் தொட்டியிலோ உலர்த்தும் இடத்திலோதான் நேரும்.

வேலையின் தரமும் அங்கேதான் தீர்மானமாகிறது. பூடில், ஷீ ட்சூ போன்ற, முடி வளர்ந்துகொண்டே இருக்கும் இனங்களை உலர்த்தும்போது, காற்று படும் இடத்திலேயே பிரஷ்ஷை ஓட்டி, ஒவ்வொரு பகுதியாகச் சுருள் நீங்கும்வரை நிமிர்த்த வேண்டும். அரைகுறை ஈரத்தில் விட்டால் முடி சுருண்டு காய்ந்துவிடும். அதன்மேல் எத்தனை தேர்ந்த குரூமர் கத்தரித்தாலும் மறுநாள் மேடுபள்ளம் தெரியும். ஜெர்மன் ஷெப்பர்டு, ஹஸ்கி போன்ற இரட்டை அடுக்கு மயிர் கொண்டவற்றில், உதிரவேண்டிய உள்மயிர் வெளியே வருவது ஷாம்பூவை முழுமையாக அலசுவதிலும் வேகக் காற்று டிரையரைப் பொறுமையாகப் பிடிப்பதிலும்தான். மண் போகாத முடியை வெட்டினால் கிளிப்பரின் பிளேடு விரைவில் மழுங்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இத்தனையும் தெரிந்துகொண்டே, குளிப்பாட்டும் வேலையை நிலையத்தின் கடைசிப் படியாக நடத்துகிறோம்.

இவற்றையெல்லாம்விட நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. அந்தப் பிராணியின் உடல் முழுவதையும், காதுமடலின் உட்புறம் முதல் விரலிடுக்கு வரை, கையால் தொட்டுப் பார்க்கிறவர் குளிப்பாட்டுகிறவர் ஒருவர்தான். வளர்ப்பவர்கள் தலையையும் முதுகையும் தடவுவார்கள்; அக்குளில் பதிந்திருக்கும் உண்ணியையோ, மடிப்பகுதியில் புதிதாகத் தோன்றிய சிறு கட்டியையோ, நீண்ட முடிக்கடியில் கசியும் புண்ணையோ அவர்கள் கை எட்டுவதில்லை. ஆகவே நான் தேடுவது நாயை நன்றாகத் தேய்க்கத் தெரிந்தவரை மட்டுமன்று. கையில் பட்டதை நின்று கவனித்து, வாய்திறந்து சொல்கிறவரை. தேய்க்கக் கற்றுக்கொடுத்துவிட முடியும். சொல்லும் பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பது மிகவும் கடினம்.

விளம்பரத்திலிருந்தே தேர்வு தொடங்கிவிடுகிறது. ‘விலங்குகளை நேசிப்பவர்கள் தேவை’ என்று எழுதினால் விண்ணப்பங்கள் குவியும். அவற்றில் பாதிப்பேர் நாய்க்குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் வேலை என்று எண்ணி வருகிறவர்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. விளம்பரம் அவர்களை அப்படித்தான் அழைத்திருக்கிறது. நாள் முழுவதும் நின்றுகொண்டே செய்யும் வேலை, உடை நனையும், டிரையரின் இரைச்சல் ஓயாது, உதிர்ந்த மயிர் மூக்கிலும் கண்ணிலும் புகும், மலமூத்திரத்தைத் துடைக்க நேரும், துண்டுகளைத் துவைத்துக் காயப்போடுவதும் தொட்டியைக் கிருமிநீக்கம் செய்வதும் அதே ஆளின் பொறுப்பு என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிட வேண்டும். தனியாகத் தூக்கவேண்டிய எடைக்கு ஒரு வரம்பு உண்டென்றும், அதற்குமேல் இருவர் சேர்ந்து தூக்குவார்கள் என்றும், ஊதியம் இவ்வளவு என்றும் அதிலேயே குறிப்பிடலாம். ஊதியத்தை மறைத்து ‘நேரில் பேசிக்கொள்ளலாம்’ என்று போடுவது இரு தரப்பின் நேரத்தையும் வீணாக்கும் வழக்கம். உண்மையைச் சொன்னால் விண்ணப்பங்கள் குறையும், குறையட்டும்.

நேர்காணலில் ‘உங்களுக்கு நாய் பிடிக்குமா’ என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் இல்லை என்று சொல்ல யாரும் வரப்போவதில்லை. மாறாக, ஒரு சூழலைச் சொல்லி, என்ன செய்வீர்கள் என்று கேட்கிறேன். பின்னங்காலைத் தொட்டதும் ஒரு கிழட்டு நாய் மெல்ல உறுமுகிறது; நீங்கள் என்ன செய்வீர்கள்? ‘அதட்டி அடக்குவேன்’ என்கிறவர் உறுமலை அடங்காமையாகப் பார்க்கிறார். உறுமல் கடிப்பதற்கு முன் நாய் தருகிற எச்சரிக்கை; அதை அதட்டி அடக்கினால் எச்சரிக்கைதான் போகும், வலி போகாது, அடுத்தமுறை எச்சரிக்கையின்றியே கடி விழும். ‘கையை எடுத்துவிட்டு, அந்தக் காலில் வலி இருக்கிறதா என்று பார்ப்பேன், உங்களிடம் சொல்வேன்’ என்று ஒருவர் சொன்னால், அவர் இதற்குமுன் நாயையே தொட்டதில்லை என்றாலும் எனக்கு நம்பிக்கை வருகிறது. மூட்டுவாதம் உள்ள முதிய நாய்களைத் தூக்கும் முறையையும், அவற்றின் காலை எவ்வளவு உயர்த்தலாம் என்பதையும் பின்னால் சொல்லிக்கொடுக்கலாம்.

இன்னொரு கேள்வி பூனையைப் பற்றியது. நாய்க்கான உண்ணி ஷாம்பூ அலமாரியில் இருக்கிறது, உண்ணியோடு ஒரு பூனை வந்திருக்கிறது, அதே ஷாம்பூவைக் கொஞ்சமாகப் பயன்படுத்தலாமா? நாய்களுக்கான சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு என்பதால், நடுக்கமும் வலிப்பும் கண்டு உயிரே போகலாம். இது புதிதாக வருகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. ‘புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, தெரியாவிட்டால் கேட்பேன்’ என்ற விடையே போதும். ‘கொஞ்சமாகப் போட்டால் ஒன்றும் ஆகாது’ என்று தயங்காமல் சொல்கிறவர்தான் என்னைக் கவலைப்படுத்துகிறார். அனுபவசாலிகள் சிலர் இந்தக் கேள்வியில் சறுக்குவதையும், அனுபவமே இல்லாதவர்கள் தேறுவதையும் பார்த்திருக்கிறேன். வேறு நிலையத்தில் வேலை செய்தவர்களிடம், அங்கே ஒரு நாளில் எத்தனை நாய்களைக் குளிப்பாட்டினீர்கள் என்பதற்குப் பதிலாக, எந்த நாயைக் குளிப்பாட்ட மறுத்தீர்கள், ஏன் என்று கேட்டால் அதிகம் தெரியவரும்.

பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கையைப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது. அதற்கு ஒரு சோதனை நாள் வேண்டும். அந்த நாளுக்கு ஊதியம் கொடுத்தாக வேண்டும். இலவசமாக ஒரு நாள் வேலை வாங்கிக்கொண்டு ‘பிறகு சொல்கிறோம்’ என்று அனுப்பிவிடுகிற நிலையங்கள் இருக்கின்றன, அதைத் தேர்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோதனைக்கு வாடிக்கையாளரின் பிராணியைக் கொடுப்பதில்லை. நிலையத்தில் வேலை செய்கிறவர்களில் ஒருவருடைய, குளியலுக்குப் பழகிய, அமைதியான நாயைத்தான் கொடுக்கிறேன். முரட்டு நாயை வேண்டுமென்றே கொடுத்துத் திறமையைப் பார்க்கிறவர்களும் உண்டு. புதியவரையும் நாயையும் ஒருசேர அச்சுறுத்துவதைத் தவிர அதனால் எதுவும் தெரியப்போவதில்லை.

அந்த ஒரு குளியலில் பார்க்க வேண்டியவை ஏராளம். நாயிடம் நேராகச் சென்று தலைக்குமேல் குனிகிறாரா, பக்கவாட்டில் நின்று முகரவிடுகிறாரா? முடியில் சடை விழுந்திருந்தால் நனைப்பதற்கு முன்பே கைவைத்துப் பார்க்கிறாரா? ஈரம் பட்டால் சடை இறுகிக்கொள்ளும். உலர்ந்தபின் அதைப் பிரிக்கப் போனால் தோலும் சேர்ந்து இழுபடும். நீரைத் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்த பிறகுதான் நாயின்மேல் விடுகிறாரா? நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நமக்கு இதமாகத் தோன்றும் வெந்நீர்க் குளியல் அதற்குச் சூடு அதிகம், வெதுவெதுப்பே போதும். முகத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து நனைத்துவருகிறவர், நாயின் அச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறவர். அலசும்போது அக்குள், தொடையிடுக்கு, தாடைக்கடி, வால் அடிப்பகுதி ஆகிய இடங்களுக்குக் கை திரும்பத் திரும்பப் போகிறதா என்பதை நான் உற்றுப் பார்ப்பேன், ஏனென்றால் அங்கே தங்கிவிடும் ஷாம்பூதான் அரிப்பாகவும் சிவப்பாகவும் மாறி, வளர்ப்பவரின் தொலைபேசி அழைப்பாக வந்து சேரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கை எப்போதும் நாயின்மேல் இருக்கிறதா? துண்டை எடுக்கத் திரும்பும்போதும், இன்னொருவர் பெயர் சொல்லி அழைக்கும்போதும், அந்தக் கை அங்கேயே இருக்க வேண்டும். தொட்டியோடோ மேசையோடோ கட்டிய வளையத்தைக் கழுத்தில் மாட்டிய நாய் தொட்டியிலிருந்தோ மேசையிலிருந்தோ துள்ளினால், வளையமே தூக்குக் கயிறாகிவிடும்; அதற்குச் சில நொடிகள் போதும். இந்த ஒன்றில் தவறுகிறவர், மற்ற எல்லாவற்றிலும் சிறந்து விளங்கினாலும், வேலைக்கு வேண்டாம் என்பது என் உறுதியான முடிவு.

உலர்த்தும் வேலையைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். கூண்டில் வைத்துச் சூடான காற்றைச் செலுத்தும் டிரையரை ஆளில்லாமல் ஓடவிட்டு நாய்கள் இறந்த செய்திகள் பல நாடுகளிலிருந்தும் வந்திருக்கின்றன. நாய் வியர்த்துக் குளிர்ச்சி பெறுவது மிகக் குறைவு, நாக்கை நீட்டி வேகமாக மூச்சுவிட்டு, அதாவது இளைத்துத்தான், வெப்பத்தை வெளியேற்றுகிறது. சுற்றிலும் சூடும் ஈரப்பதமும் நிறைந்த காற்று இருந்தால் இளைத்தும் பயனில்லை. உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டும்போது உள்ளுறுப்புகள் பாதிக்கப்படத் தொடங்குகின்றன. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம், அவற்றின் மூச்சுப்பாதையே குறுகியது. நான் கூண்டுச் சூட்டுக் காற்றை முற்றாக விலக்கிவிட்டேன். வேலைக்கு வருகிறவர் முந்தைய நிலையத்தில் அப்படிப் பழகியிருந்தால், அதை மறக்கவைப்பதுதான் முதல் பயிற்சி. அளவுக்குமீறி இளைப்பது, எச்சில் வழிவது, நாக்கு அடர்சிவப்பாகவோ நீலமாகவோ மாறுவது, தள்ளாடுவது ஆகியவற்றைப் பார்த்தவுடன் யாரையும் கேட்காமல் டிரையரை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நிறுத்தியதற்காக யாரும் கடிந்துகொள்ளக் கூடாது, ஒருமுறை கடிந்துகொண்டால் அடுத்தமுறை அவர் நிறுத்தமாட்டார்.

பலருக்குத் தெரியாத இன்னோர் அபாயம் ஷாம்பூப் புட்டிக்குள் இருக்கிறது. செறிவான ஷாம்பூவில் நீர் கலந்து வைத்துக்கொள்வது பல நிலையங்களிலும் வழக்கம். கலந்த ஷாம்பூ நாள்கணக்கில் நின்றால், அதில் சூடோமோனாஸ் எருஜினோசா போன்ற பாக்டீரியாக்கள் பெருகும். அந்த நீரை முடியின் திசைக்கு எதிராக அழுத்தித் தேய்த்தால் அவை மயிர்க்கால்களுக்குள் ஆழமாகப் புகுந்துவிடுகின்றன. குளித்த ஓரிரு நாளில் நாய்க்குக் காய்ச்சல் வரும், சோர்ந்து படுக்கும், முதுகைத் தொடவிடாது. முதுகெங்கும் வலிமிக்க கொப்புளங்கள் கிளம்பும். வளர்ப்பவர் முதுகெலும்பில் ஏதோ அடிபட்டுவிட்டது என்று எண்ணிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுவார். இதைத் தடுப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும், புட்டியைக் கழுவி முழுதாகக் காயவிட வேண்டும். மாலையில் களைத்திருக்கும்போது, யாரும் பார்க்காத நேரத்தில் செய்யவேண்டிய வேலை இது. பாதிப் புட்டி ஷாம்பூவைக் கொட்டுவது வீண் என்று நினைக்கும் சிக்கனமும், நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம் என்னும் சோம்பலும் சேர்ந்தால் நோய் வந்துவிடும். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இதை எப்படிக் கண்டுபிடிப்பது? சோதனை நாளின் முடிவில் தொட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டு நான் வேறு அறைக்குப் போய்விடுவேன். வடிகாலில் தேங்கிய மயிரை எடுத்திருக்கிறாரா என்று பிறகு வந்து பார்த்தால் போதும்.

கற்றுக்கொடுக்க வேண்டியவற்றில் மருந்து ஷாம்பூவும் ஒன்று. மருத்துவர் எழுதிக்கொடுத்த ஷாம்பூவைப் பூசியவுடன் அலசிவிட்டால் பயன் இல்லை. பெரும்பாலானவற்றைப் பத்து நிமிடமாவது தோலில் ஊறவிட வேண்டும், அதுவும் கடிகாரத்தைப் பார்த்து. மனிதருக்கான ஷாம்பூவை நாய்க்குப் போடக்கூடாது என்பதையும் காரணத்தோடு சொன்னால் நினைவில் நிற்கும்: நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது, அதன் அமிலத்தன்மையும் நம் தோலினுடையதைவிடக் குறைவு. நகம் வெட்டுவது, காது துடைப்பது போன்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் வரலாம், அவசரமில்லை.

குளிப்பாட்டுகிறவரின் உடலைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அவர் பிராணிகளிடமிருந்து படர்தாமரையையும் சொறியையும் வாங்கிக்கொள்ளக்கூடிய இடத்தில் நிற்கிறார். நாயின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் தொற்றவும் வாய்ப்புண்டு. ரேபிஸ் பரவியுள்ள பகுதிகளில் அவருக்கு முன்கூட்டியே தடுப்பூசி போடுவது நிலையத்தின் செலவாகவே இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, முதல் தவணையும் அதிலிருந்து ஏழு நாள் கழித்து அடுத்ததுமாக இரண்டு தவணைகள் போதும். கடிபட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதும், முன்பே தடுப்பூசி போட்டிருந்தாலும் கடித்தபின் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதும் தொட்டியருகே சுவரில் எழுதப்பட்டிருக்கட்டும். வேகக் காற்று டிரையரின் ஓசை எளிதாகவே 85 டெசிபெலைத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்கு அதுவே மேல்வரம்பு என்று தொழில்நல ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். எனவே காதுக்கவசத்தை அவர் கேட்டு வாங்கும்படி வைக்காமல், வேலைக்குச் சேரும் நாளில் ஏப்ரனோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். கூர்மையான குட்டை மயிர்கள் விரலிடுக்கில் குத்தி உள்ளே புகுந்து சீழ்பிடித்துவிடுவதும் உண்டு. முடிதிருத்துவோருக்கும் நாய் குரூமர்களுக்கும் தொழில்முறையாக வரும் தொல்லை அது. லாப்ரடாரைக் குளிப்பாட்டிய பின் கையை நன்றாகக் கழுவித் துடைத்துப் பார்க்காதவர்கள் விரைவில் அதை அனுபவத்தில் தெரிந்துகொள்வார்கள். தொட்டி இடுப்புயரத்தில் இல்லாவிட்டால் முதுகுவலிக்காகவே ஆட்கள் விலகுவார்கள். நல்ல ஆள் நிலைப்பதில்லை என்று வருந்துகிறவர்கள் முதலில் தொட்டியின் உயரத்தை அளந்து பார்க்கலாம்.

ஊதியத்தை நாய்க்கு இவ்வளவு என்று வைப்பதா, மணிக்கு இவ்வளவு என்று வைப்பதா என்பதில் எனக்கு ஐயமில்லை. எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தால் அலசுவது குறையும், ஊறவைக்கும் நிமிடங்கள் குறையும், காதுக்குப் பின்னால் ஈரம் நிற்கும். வேகமாகச் செய்யச் சொல்லி நாமே காசு கொடுத்துவிட்டு அவரைக் குறைசொல்வதில் நியாயம் இல்லை. மணிக்கணக்கே இந்த வேலைக்குப் பொருந்தும். கூடுதலாகக் கொடுக்க விரும்பினால், காது துடைத்தல், நகம் வெட்டுதல், அச்சப்படும் நாய்களைக் கையாளுதல் என்று அவர் கற்றுத்தேறும் ஒவ்வொரு திறனுக்கும் ஊதியத்தை உயர்த்தலாம். குளிப்பாட்டுகிறவர் எல்லோரும் ஒருநாள் குரூமராக விரும்புகிறார்கள் என்று கொள்வதும் சரியன்று. சிலருக்குக் கத்தரிக்கோலில் நாட்டமே இருக்காது. அவர்கள் தொட்டியருகிலேயே ஆண்டுக்கணக்கில் நிலைக்கட்டும், ஊதியம் மட்டும் அங்கேயே தேங்கிவிடக் கூடாது.

சேர்ந்த முதல் வாரங்களில் நான் அவரிடம் ஒரு சிறு அட்டையைக் கொடுக்கிறேன். ஒவ்வொரு பிராணியும் வந்தவுடன், நனைப்பதற்கு முன், உடலெங்கும் கையோட்டிப் பார்த்து, கட்டி, புண், உண்ணி, சடை, காதின் வாடை, நொண்டல் என்று கண்டதை எழுத வேண்டும். முடிந்தபின் அவரால் ஏதாவது நேர்ந்திருந்தால் அதையும் அதே அட்டையில் எழுத வேண்டும். நகம் வெட்டும்போது உயிர்ச்சதையில் பட்டு இரத்தம் வருவது யாருக்கும் நேரக்கூடியது. கருநிற நகங்களில் தேர்ந்தவர்களுக்கும் நேரும், இரத்தம் நிறுத்தும் தூளை அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். அதை எழுதுகிறவரிடம் எனக்குக் குறையில்லை. வளர்ப்பவரிடம் விளக்கிச் சொல்லும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன். எழுதாமல் துடைத்துவிட்டு நாயை வீட்டுக்கு அனுப்பியவரைச் சோதனைக் காலம் முடியும்வரை வைத்திருப்பதில்லை. அட்டை ஒரு வாரம் முழுவதும் வெறுமையாகவே வந்தால், நானே அடுத்த நாயைத் தொட்டியருகே அழைத்துச் சென்று, அவர் முன்னால் கையோட்டிப் பார்த்து, என் விரலுக்கு அகப்படுவதை எழுதச் சொல்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு அதன்பின் எழுத வந்துவிடுகிறது.